இயந்திரப் பழுதைத் தானாகக் கண்டறிந்து தெரிவிக்கும் அமைப்பு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

இயந்திரம் நின்றுபோவதற்கு முன்பே அதன் நிலையைச் சென்சார்கள் மூலம் கவனித்து, மாறுதல் தெரிந்தவுடன் உரிய ஆளுக்குத் தகவல் அனுப்பும் அமைப்பை நிறுவ விரும்புபவர்கள் பெரும்பாலும் சென்சார் வாங்குவதிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். சில மாதங்களில் திரை நிறைய வரைபடங்களும், யாரும் திறந்து பார்க்காத மின்னஞ்சல்களும் குவிந்துவிடுகின்றன; பேரிங் மட்டும் முன்பு போலவே இரவு ஷிஃப்டில் உடைகிறது. பழுதைக் கண்டறிவது இந்த வேலையில் பாதிதான். கண்டறிந்த செய்தி, அதை வைத்து ஏதேனும் செய்யக்கூடிய ஒருவரிடம், அவர் செயல்பட இன்னும் அவகாசம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். அவர் இயந்திரத்தைத் திறந்து என்ன கண்டார் என்பதும் அமைப்புக்குள் திரும்பி வர வேண்டும். இந்தச் சுற்று முழுவதையும் ஒரே ஓர் இயந்திரத்தில் எப்படி ஓடவைப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு பம்பையும் அதைச் சுழற்றும் மின்மோட்டாரையும் வைத்துக்கொள்வோம். மின்விசிறி, கம்ப்ரெசர், கன்வேயர் என்று எதுவானாலும் முறை இதேதான். அளவிடும் பொருளும் வரம்புகளும் மட்டும் மாறும்.

முதல் படி: எந்த இயந்திரம், எந்தப் பழுது

இந்தப் படிக்குத் தாளும் பேனாவும் போதும். தேர்ந்தெடுக்கும் இயந்திரம் நின்றால் வேலை பாதிக்கப்பட வேண்டும். அதே சமயம், முதல் முயற்சிக்கு எடுப்பது ஆள் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய இயந்திரமாக இருக்கக் கூடாது. அது முன்பு எப்போதெல்லாம் நின்றது, ஏன் நின்றது என்பதற்கான பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இயந்திரத்தோடு நெடுநாள் பழகிய ஃபிட்டரையும் எலக்ட்ரீஷியனையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பாகமும் எப்படிக் கெடும், கெடுவதற்கு முன் என்ன அறிகுறி காட்டும், அறிகுறி தெரிந்த பிறகு எவ்வளவு நாள் தாங்கும், தெரிந்தால் நாம் என்ன செய்வோம் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை எழுத முடியாத பழுதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள். செய்வதற்கு ஒன்றுமில்லாத எச்சரிக்கை, மற்ற எச்சரிக்கைகளின் மதிப்பையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் பாகத்தை மாற்றிவிட்டால் போதாதா என்று இந்தக் கட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஸ்டான்லி நௌலனும் ஹோவர்ட் ஹீப்பும் 1978இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை இந்தக் கேள்விக்கு நல்ல விடை தருகிறது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் ஏறத்தாழ 11 சதவீதத்தில்தான் வயது கூடக்கூடப் பழுது கூடும் போக்குத் தெரிந்தது. 68 சதவீதம், புதிதாகப் பொருத்திய தொடக்கக் காலத்தில் அதிகமாகக் கெட்டு, பிறகு ஒரே சீராக இருந்தவை. எல்லா ஆலைக்கும் இதே எண்கள் பொருந்திவிடும் என்று கொள்ளக் கூடாது. ஆனால் நன்றாக ஓடும் பாகத்தைக் கழற்றிப் புதியதைப் போடுவதே சில வேளைகளில் பழுதுக்கு வழிவிடும் என்பதைப் பராமரிப்பில் இருப்பவர்கள் அனுபவத்திலேயே அறிவார்கள். ஆகவே நாட்காட்டியைப் பார்ப்பதைவிட இயந்திரத்தின் நிலையைப் பார்ப்பது பல பாகங்களுக்குப் பொருத்தமானது.

‘அறிகுறி தெரிந்த பிறகு எவ்வளவு நாள் தாங்கும்’ என்ற கேள்விக்கான விடைதான் முழு அமைப்பின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. பேரிங்கில் உலோகச் சோர்வால் சிறு சிதைவு தொடங்கும்போது முதலில் உயர் அதிர்வெண் அதிர்வில்தான் அது தெரியும். பிறகு சாதாரண அதிர்வு அளவு கூடும். அதன் பின் காதுக்குச் சத்தம் கேட்கும். சூடு பெரும்பாலும் கடைசியாகத்தான் வரும். மாற்றுப் பேரிங் வந்து சேர மூன்று வாரம் ஆகும் இடத்தில், உடைவதற்கு முந்தைய நாள் ஏறும் வெப்பநிலையை மட்டும் நம்பி இருந்தால் திட்டமிட்ட பழுதுபார்ப்புக்கு வழியே இல்லை. அந்த வெப்பநிலை அளவீடு மோட்டாரை நிறுத்தி மற்ற பாகங்களைக் காப்பாற்ற உதவும், அவ்வளவுதான். அறிகுறி தெரிவதிலிருந்து பாகம் செயலிழப்பது வரை உள்ள இடைவெளியின் பாதிக்குள்ளாவது ஒருமுறை அளவீடு நடக்க வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ள விதி. செய்தி போய்ச் சேரவும், உதிரிபாகம் வரவும், இயந்திரத்தை நிறுத்த அனுமதி கிடைக்கவும் ஆகும் நாட்களையும் அந்த இடைவெளியிலிருந்தே கழிக்க வேண்டும்.

இரண்டாம் படி: சென்சாரைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துதல்

பழுதுப் பட்டியல் கையில் இருந்தால் சென்சார் தேர்வு எளிது. சுழலும் பாகத்தில் எடைச் சமநிலை தவறினால், சுழலும் வேகத்துக்குச் சமமான அதிர்வெண்ணில் அதிர்வு கூடும். மோட்டாரும் பம்பும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் அலைன்மென்ட் பிசகினால், அந்த வேகத்தின் இரு மடங்கிலும் ஷாஃப்டின் நீளவாக்கிலும் அதிர்வு தெரியும். அடித்தள போல்ட் தளர்ந்தால் அந்த வேகத்தின் மடங்குகள் வரிசையாக எழும். வடிகட்டி அடைத்தால் அதன் இரு பக்க அழுத்த வேறுபாடு கூடும்; காயிலில் பிரச்சினை என்றால் மின்னோட்டமும் காயில் வெப்பநிலையும் மாறும். பம்பும் மோட்டாரும் சேர்ந்த தொகுதிக்கு, மோட்டாரின் கப்ளிங் பக்கப் பேரிங்கிலும் பம்பின் பேரிங்கிலும் ஒவ்வோர் அதிர்வுச் சென்சார், ஒவ்வொரு வெப்பநிலைச் சென்சார், மோட்டாரின் மின்னோட்டம், உறிஞ்சும் பக்க அழுத்தம் என்ற அளவோடு தொடங்குவது என் பார்வையில் போதுமானது.

பொருத்தும் முறை மேலோட்டமாகக் கடந்துபோகக்கூடிய விஷயமல்ல. அதிர்வுச் சென்சாரைப் பேரிங்குக்கு மிக அருகே உள்ள திடமான உலோகப் பரப்பில், பெயிண்டைச் சுரண்டி, பரப்பைச் சமப்படுத்தி, திருகு கொண்டு இறுக்குவதுதான் சிறந்தது. காந்தத்தால் ஒட்டினால் உயர் அதிர்வெண்கள் சரியாகப் பதிவாகாது. பேரிங் பழுதின் முதல் அறிகுறி இருப்பதோ அங்கேதான். மோட்டாரின் பின்புற விசிறி மூடியின் மேல் பொருத்தினால் மெல்லிய தகட்டின் அதிர்வைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். சென்சார் பொருத்தும் வேலைக்காக இயந்திரத்தை அணுகும்போது மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கைப் பலகை தொங்கவிட்டு, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

சென்சாரும் கெடும் என்பதை இந்தப் படியிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகளில் பரவலாகப் பயன்படும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான சிக்னல் பூஜ்ஜியத்தில் தொடங்காததற்கு ஒரு நல்ல காரணம் உண்டு: அளவு பூஜ்ஜியமாக இருந்தாலும் கம்பியில் 4 மில்லிஆம்பியர் ஓடும், எனவே மின்னோட்டம் 3.6க்குக் கீழே போனாலோ 21க்கு மேலே போனாலோ அது இயந்திரத்தின் பழுதல்ல, சென்சாரின் அல்லது கம்பியின் பழுது என்று, ஆலைத் தானியக்கக் கருவிகளைப் பயன்படுத்துவோரின் சங்கமான நாமூரின் பரிந்துரை பிரித்துச் சொல்கிறது. பிடி100 வெப்பநிலைச் சென்சாரின் மின்தடை 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அதன் கம்பி அறுந்தால் மின்தடை அளவின்றி உயர்வதால், கருவி அதை மிகப் பெரிய வெப்பநிலையாகக் காட்டக்கூடும். ஒரே விநாடியில் 60 டிகிரியிலிருந்து 800 டிகிரிக்கு எந்தப் பேரிங்கும் சூடாகாது. ஒவ்வோர் அளவுக்கும் இயற்கையில் சாத்தியமான எல்லையையும், சாத்தியமான ஏறுவேகத்தையும் எழுதிவைத்து, அவற்றை மீறும் தரவை ‘சென்சார் பழுது’ என்ற தனிப் பெயரில் அனுப்புங்கள். அந்தச் செய்தி இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்குப் போக வேண்டும். ஃபிட்டரை எழுப்பக் கூடாது.

மூன்றாம் படி: தரவைச் சேகரித்தல்

வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் நிமிடத்துக்கு ஓர் அளவீடு போதும். அதிர்வு அப்படியல்ல. 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வைக் காண வேண்டுமானால் விநாடிக்கு 2,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுக்க வேண்டும், நடைமுறையில் 2.56 மடங்கு, அதாவது 2,560 எடுப்பது வழக்கம். நெருக்கமான இரு அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்கும் திறனோ, எவ்வளவு நேரம் தொடர்ந்து பதிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தது: ஒரு விநாடிப் பதிவு 1 ஹெர்ட்ஸ் இடைவெளியைத் தரும், நான்கு விநாடிப் பதிவு கால் ஹெர்ட்ஸைத் தரும்.

இது ஏன் முக்கியம் என்பதை ஒரு பேரிங்கைக் கொண்டு பார்க்கலாம். சிறு மோட்டார்களில் அதிகம் காணப்படும் 6205 பேரிங்கில் 9 பந்துகள் இருக்கின்றன. வெளிவளையத்தில் ஒரு சிதைவு இருந்தால், ஷாஃப்ட் ஒருமுறை சுற்றுவதற்குள் பந்துகள் அதன் மேல் 3.585 முறை ஏறி இறங்கும். சிதைவு உள்வளையத்தில் என்றால் 5.415 முறை. மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது விநாடிக்கு 24 சுற்று ஓடினால், வெளிவளையப் பழுது 86 ஹெர்ட்ஸிலும் உள்வளையப் பழுது 130 ஹெர்ட்ஸிலும் தெரியும். ஷாஃப்ட் வேகத்தின் மடங்குகள் 24, 48, 72, 96 என்று போகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் எழும் அதிர்வு 100 ஹெர்ட்ஸில் இருக்கும். 86 என்பது இவற்றில் எதனோடும் ஒட்டாத எண். அதனால்தான் அதிர்வெண் வரைபடத்தின் அந்த இடத்தில் புதிதாக ஒரு முனை, அதாவது உயர்ந்து நிற்கும் கூர்மை, எழுந்தால், எங்கே பழுது என்பதை இயந்திரத்தைத் திறக்காமலே நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. பேரிங் எண் தெரியாவிட்டால் பந்துகளின் எண்ணிக்கையை 0.4 ஆல் பெருக்கினால் வெளிவளையத்துக்கும், 0.6 ஆல் பெருக்கினால் உள்வளையத்துக்கும் ஏறத்தாழ விடை கிடைக்கும். 6205க்கு இந்தக் கணக்கு 3.6, 5.4 என்று தருவதிலிருந்து அதன் நெருக்கத்தை அறியலாம். வேகம் மாறும் மோட்டாராக இருந்தால் இந்த எண்கள் எல்லாம் வேகத்தோடு சேர்ந்து நகரும் என்பதால், ஒவ்வொரு பதிவோடும் அந்த நேரத்து வேகத்தையும் சேமிக்க வேண்டும்.

தரவோடு சேர்க்க வேண்டிய இன்னும் இரண்டு: இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா, எவ்வளவு சுமையில் ஓடியது என்ற குறிப்பு ஒன்று, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான நேரம் மற்றொன்று. முதல் குறிப்பு இல்லாவிட்டால் நின்றிருக்கும் பம்பின் அழுத்தக் குறைவு பழுதாகத் தெரியும். கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் எது முதலில் நடந்தது என்று பின்னால் ஆராயவே முடியாது.

நான்காம் படி: இயல்பு நிலையும் வரம்பும்

வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் திணறுகிறார்கள். பொதுத் தரநிலைகள் தொடக்கப் புள்ளியைத் தருகின்றன. ஐஎஸ்ஓ 10816-3 தரநிலையில், 15 முதல் 300 கிலோவாட் வரையிலான, உறுதியான அடித்தளம் கொண்ட இயந்திரங்களுக்கு அதிர்வு வேகம் விநாடிக்கு 1.4 மில்லிமீட்டர் வரை இருந்தால் புது இயந்திரத்துக்கு ஒப்பான நிலை, 2.8 வரை நீண்ட நாள் ஓடலாம், 4.5 வரை குறுகிய காலம் மட்டும் ஓடலாம், அதற்கு மேல் சேதம் விளையும் என்று நான்கு மண்டலங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தொடரின் இடத்துக்கு இப்போது 20816 தொடர் வந்திருக்கிறது. ஆனால் உங்கள் பம்பு எப்போதும் 0.9 அளவில் ஓடி வந்து ஒரே வாரத்தில் 1.8 ஆனால், எண் இன்னும் ‘நல்ல’ மண்டலத்தில் இருந்தாலும் ஏதோ நடக்கிறது என்றே பொருள். ஆகவே இரண்டு வாரமாவது, வேறு வேறு சுமைகளிலும் வேளைகளிலும் நல்ல நிலையில் ஓடும் இயந்திரத்தின் அளவுகளைச் சேகரித்து, அதையே அந்த இயந்திரத்தின் இயல்பு நிலையாக வையுங்கள். அந்தக் காலத்தில் இயந்திரம் உண்மையிலேயே நல்ல நிலையில் இருந்ததா என்பதை ஃபிட்டர் உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழுதே இயல்பாகப் பதிந்துவிடும்.

சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) தாண்டினால் எச்சரிக்கை என்பது பலரும் முதலில் வைக்கும் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவுகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றினால், பழுதே இல்லாமல் அந்த வரம்புக்கு வெளியே விழும் வாய்ப்பு 0.27 சதவீதம். நிமிடத்துக்கு ஒன்று என்று நாளுக்கு 1,440 அளவீடுகள் எடுக்கும்போது, ஒரு சென்சாருக்கு ஏறத்தாழ நான்கு பொய் எச்சரிக்கைகள் வரும். 40 சென்சார்கள் இருந்தால் நாளுக்கு 150க்கும் மேல். எல்லாம் சரியாக வேலை செய்யும் அமைப்பே இத்தனை முறை பொய் சொன்னால், அதை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதைக் குறைக்க மூன்று வழிகளையும் சேர்த்தே கையாளுங்கள். ஒன்று, ஒரு முறை வரம்பைத் தாண்டியதும் கூவாமல், குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து தாண்டியே இருந்தால் மட்டும் எச்சரிப்பது. கார் தன் பழுதைத் தானே கண்டறிய வைத்திருக்கும் ஓபிடி-2 முறை இதற்கு நல்ல முன்னோடி: பெரும்பாலான பழுதுகளில், அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் அதே பழுது தெரிந்தால்தான் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும். இரண்டாவது, எச்சரிக்கை எழும் வரம்பும் அடங்கும் வரம்பும் வேறாக இருப்பது. 2.8இல் எழுந்தால் 2.5க்குக் கீழே வந்த பிறகே அடங்க வேண்டும், இல்லாவிட்டால் 2.79க்கும் 2.81க்கும் இடையே ஊசலாடும் ஒரே அளவு இரவு முழுவதும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். மூன்றாவது, ஒரே பழுதின் இரு வேறு அறிகுறிகளைச் சேர்த்துப் பார்ப்பது. அதிர்வு மட்டும் கூடினால் ‘கவனி’ என்ற குறிப்பு. அதிர்வோடு 86 ஹெர்ட்ஸ் முனையும் எழுந்தால் பேரிங்குக்கான செய்தி.

விற்பனையாளர் ‘95 சதவீதத் துல்லியம்’ என்று சொன்னால், உடனே பொய் எச்சரிக்கை எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 1,000 சோதனைகளில் 5 மட்டுமே உண்மையான பழுது என்று வைத்துக்கொள்வோம். அமைப்பு பழுதில் 95 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும், நல்ல நிலையில் 2 சதவீதத்தைத் தவறாகப் பழுதென்று சொல்லும் என்றால், 5 உண்மைச் செய்திகளோடு 20 பொய்ச் செய்திகளும் வரும். ஐந்தில் ஒன்றுதான் உண்மை. பழுது என்பது அரிதாக நிகழ்வது என்பதால், பொய் எச்சரிக்கையின் விகிதமே அமைப்பின் தரத்தை முடிவு செய்கிறது.

ஐந்தாம் படி: செய்தியை எழுதுதல்

இந்த வேலையில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் படி இதுதான். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் உள்ள மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிவிபத்துக்கு முந்தைய 11 நிமிடங்களில், இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைக் கண்டு, ஏற்று, செயல்பட வேண்டியிருந்தது. எந்த மனிதராலும் அது முடியாது. இயந்திரங்கள் தங்கள் நிலையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் செய்தி கேட்கக்கூடிய வடிவில் வரவில்லை. அதன் பிறகு வந்த, அலார அமைப்புகளுக்கான இஇஎம்யுஏ 191 வழிகாட்டியின் அறிவுரைப்படி, சாதாரண ஓட்டத்தில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் சராசரியாக வரக் கூடாது. நாள் முழுவதற்கும் அது 144 அலாரம்; மேலே போட்ட கணக்கில் 40 சென்சார்களின் பொய் எச்சரிக்கைகள் மட்டுமே அந்த ஒதுக்கீட்டை முழுதாக விழுங்கிவிடுகின்றன.

‘எச்1 மிகை அதிர்வு’ என்று வரும் குறுஞ்செய்தியால் இரவு இரண்டு மணிக்கு விழித்தவர் என்ன செய்ய முடியும்? ஒரு நல்ல செய்தி இப்படி இருக்கலாம்:

‘பம்ப் பி-204, மோட்டார், கப்ளிங் பக்கப் பேரிங். வெளிவளையத்தில் சிதைவு தொடங்கியிருக்கலாம், நம்பகம்: நடுத்தரம். காரணம்: 86 ஹெர்ட்ஸிலும் 172 ஹெர்ட்ஸிலும் புதிய முனைகள், மொத்த அதிர்வு ஒன்பது நாட்களில் 0.9இலிருந்து 1.6க்கு ஏறியிருக்கிறது. வெப்பநிலையில் மாற்றம் இல்லை. இப்போது நிறுத்த வேண்டியதில்லை. இந்த ஷிஃப்டில்: கையடக்கக் கருவியால் மறுபடி அளக்கவும், ஸ்டோரில் 6205 பேரிங் இருப்பு உள்ளதா எனப் பார்க்கவும். இரண்டு வாரத்துக்குள் மாற்றத் திட்டமிடவும். 2.8ஐத் தாண்டினால் மாற்றுப் பம்புக்கு மாறவும்.’

இதில் எந்த இயந்திரம், எந்தப் பாகம், என்ன சந்தேகம், எவ்வளவு உறுதி, எதனால் அப்படிச் சொல்கிறது, எவ்வளவு அவசரம், யார் இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற எல்லாமே இருக்கின்றன. ஆலையின் கருவிப் பட்டியலில் என்ன பெயரோ அதையே செய்தியிலும் பயன்படுத்த வேண்டும். பழுது தெரிந்த கணத்தின் முன்னும் பின்னும் உள்ள சில நிமிடத் தரவைச் செய்தியோடு சேர்த்து உறையவைத்துச் சேமியுங்கள். கார்களின் ஓபிடி-2 முறையும் பழுதுக் குறியீட்டோடு அந்த நேரத்து வேகம், சுமை, வெப்பநிலை ஆகியவற்றைச் சேமிக்கிறது. மறுநாள் வந்து பார்க்கும்போது எல்லாம் இயல்பாக இருந்தால், என்ன நடந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

செய்தி யாருக்குப் போகிறது என்பதையும் பழுது வாரியாக எழுதிவையுங்கள். நிமிடங்களில் செயல்பட வேண்டியது ஆபரேட்டரின் திரைக்கு அலாரமாகப் போகட்டும். நாட்களில் செயல்பட வேண்டியது பராமரிப்பு மென்பொருளில் பணி ஆணையாகத் திறக்கட்டும். அதற்கு மணியடிக்கத் தேவையில்லை. வாரங்களில் கவனிக்க வேண்டியது வாராந்தரப் பட்டியலில் ஒரு வரியாக இருந்தால் போதும். ஒரே பாகத்தில் ஏற்கெனவே பணி ஆணை திறந்திருந்தால் புதிதாக ஒன்று திறக்காமல், பழையதிலேயே குறிப்பைச் சேர்க்க வேண்டும். அலாரத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் யாரும் ஏற்காவிட்டால் அடுத்தவருக்குப் போக வேண்டும். அந்த அடுத்தவர் யார் என்பது ஷிஃப்ட் அட்டவணையோடு இணைந்திருக்க வேண்டும். விடுப்பில் இருப்பவரின் எண்ணுக்குச் செய்தி போவது பல இடங்களில் நடக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த அமைப்பு பாதுகாப்பு அமைப்பின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. மிகை அழுத்தத்திலோ மிகை வேகத்திலோ இயந்திரத்தை நிறுத்தும் டிரிப் சுற்று, தனிச் சென்சாரோடும் தனிக் கம்பியோடும், இணையமோ சர்வரோ இல்லாமலே வேலை செய்ய வேண்டும். கண்காணிப்பு மென்பொருளை மேம்படுத்துபவர் அதன் வரம்பில் கை வைக்கக் கூடாது.

ஆறாம் படி: மௌனத்தையும் சோதித்தல்

எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருளா, கம்பி அறுந்துவிட்டது என்று பொருளா? இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத அமைப்பை நம்பவே கூடாது. ஒவ்வொரு கருவியும் குறிப்பிட்ட இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது தவறினால் அதுவே ஓர் எச்சரிக்கை. கருவிகள் ஒரு சர்வர் வழியாகச் செய்தி பரிமாறிக்கொள்ளும் எம்கியூடிடி நெறிமுறையைப் பயன்படுத்தினால் இதற்கு ஒரு வசதி அதிலேயே இருக்கிறது: கருவி இணையும்போதே ‘நான் எதிர்பாராமல் துண்டிக்கப்பட்டால் இந்தச் செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பு’ என்று சர்வரிடம் கொடுத்துவைக்கலாம்.

முழுச் சங்கிலியையும் உண்மையாகவே சோதியுங்கள். சென்சார் இருக்கும் இடத்தில் சிக்னல் ஜெனரேட்டரை இணைத்து, வரம்பைத் தாண்டும் மின்னோட்டத்தைக் கொடுத்து, கடைசியில் ஃபிட்டரின் கைபேசியில் செய்தி எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். இரவு ஷிஃப்டிலும் ஒருமுறை செய்யுங்கள். மின்னஞ்சல் சர்வரின் கடவுச்சொல் காலாவதியானதும், யாரோ பணிமாறிப் போனதும் இந்தச் சோதனையில்தான் வெளிச்சத்துக்கு வரும்.

ஏழாம் படி: ஃபிட்டர் கண்டதை அமைப்புக்குத் திருப்பித் தருதல்

பணி ஆணையை முடிக்கும்போது ‘சரிசெய்யப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு மூட அனுமதிக்காதீர்கள். எச்சரிக்கை சரியா, தவறா, எந்தப் பாகம், எப்படிக் கெட்டிருந்தது, காரணம் என்ன என்ற கேள்விகளுக்குச் சிறு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கட்டும். எண்ணெய், எரிவாயுத் துறைக்கான ஐஎஸ்ஓ 14224 தரநிலை இத்தகைய குறியீடுகளை ஒழுங்காக வகுத்திருக்கிறது. அதை அப்படியே எடுக்காமல், உங்கள் இயந்திரத்துக்கு வேண்டிய பத்துப் பதினைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் நீண்டால் எல்லோரும் ‘மற்றவை’ என்பதையே தேர்ந்தெடுப்பார்கள். கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போடுவதற்கு முன் அறுத்துத் திறந்து, வெளிவளையத்தின் படத்தை எடுத்துப் பணி ஆணையோடு இணைக்கச் சொல்லுங்கள். கரும்புள்ளி போன்ற குழி அங்கே இருந்தால் 86 ஹெர்ட்ஸ் விதி சரி. குழி இல்லாமல் கிரீஸ் கருகிப்போயிருந்தால், பழுது பேரிங்கில் தொடங்கவில்லை, கிரீஸ் இடுவதில் தொடங்கியது. மாற்ற வேண்டியது கிரீஸ் அட்டவணை.

தவறான எச்சரிக்கை என்று ஃபிட்டர் எழுதினால், அதற்காக அவரை யாரும் கேள்வி கேட்காத சூழல் வேண்டும். அவர் தரும் அந்த விடையில்லாமல் வரம்புகளைத் திருத்த வேறு நேர்மையான வழி இல்லை. வரம்பை மாற்றும்போதெல்லாம் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது பதிவாக வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு, எத்தனை எச்சரிக்கைகள் வந்தன, அவற்றில் எத்தனை உண்மை, எச்சரிக்கையே வராமல் நின்ற பழுதுகள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் அவகாசம் கிடைத்தது என்று பாருங்கள். அதிகமாகக் கூவும் ஐந்து எச்சரிக்கைகளை மட்டும் எடுத்துச் சரிசெய்தாலே மொத்த எண்ணிக்கை பெருமளவு குறைவதைக் காண்பீர்கள்.

இயந்திரக் கற்றலுக்கு எப்போது போவது

தரவிலிருந்து கணினியே விதிகளைக் கற்றுக்கொள்ளும் இந்த முறைக்கு, மேலே சொன்ன விதிகள் ஒழுங்காக ஓடி, குறைந்தது ஓர் ஆண்டுக்கான, ஃபிட்டர் விடை எழுதிய எச்சரிக்கைகள் சேர்ந்த பிறகு போகலாம். அதற்கு முன்னால் போனால் கற்பிக்கப் பாடமே இருக்காது. பழுதான நிலையின் மாதிரிகள் ஒரே இயந்திரத்தில் மிகக் குறைவாகவே கிடைக்கும் என்பதால், நல்ல நிலையை மட்டும் கற்று அதிலிருந்து விலகுவதைக் காட்டும் முறைகளிலிருந்து தொடங்குவது பொருத்தம். இப்படிக் கற்ற புதிய மென்பொருளின் செய்திகளை முதல் சில மாதங்களுக்கு அமைப்பை வடிவமைத்தவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். அந்தக் காலத்தில் அது அனுப்பியிருக்கக்கூடிய செய்திகளை ஒவ்வொன்றாகப் பணி ஆணைகளோடு ஒப்பிட்டு, பழைய விதிகளைவிட முன்கூட்டியோ, குறைந்த பொய் எச்சரிக்கையோடோ பழுதைக் கண்டிருந்தால் மட்டும் அதை ஆபரேட்டரின் திரைக்குக் கொண்டுவாருங்கள்.